மேற்படி கொடையாளரின் விண்ணப்பம்

விடுநர்: ஓ பாசிட்டிவ் கொடையாளர் ஒருவருக்காக, அவருடைய நலம்விரும்பி.
பெறுநர்: ரத்த வங்கி அதிகாரி அவர்கள், எந்த ஊராக இருந்தாலும்.
பொருள்: அக்டோபரில் சால்வை போர்த்துவதும் மே மாத நள்ளிரவில் ஆள் தேடுவதும் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மேற்படி கொடையாளர் தங்கள் வங்கியின் பழைய கணக்குதாரர். போட்டதோடு சரி, இதுவரை எடுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் 350 மில்லி. உடம்பில் ஓடும் ஏறக்குறைய 5 லிட்டரில் இது பெரிய தொகை இல்லை. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய கணக்குக்கு வரச் சில வாரங்கள் ஆகும், இரும்புச்சத்து சேர இன்னும் நாள் பிடிக்கும். அதனால்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் என்று விதி இடைவெளி வைத்திருக்கிறது. மேற்படியார் காலண்டரில் வட்டம் போட்டுவைத்து 91ஆம் நாள் ஆஜராகும் ரகம்.

முதல் கண்டம் நீலக் குவளை. விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசலில் விடுகிறார் டெக்னீஷியன். சொட்டு மளமளவென்று அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம், பாஸ். நடுவழியில் தயங்கி மேலே வந்தால், “கீரை, பேரீச்சம்பழம் நல்லா சாப்பிட்டுட்டு அடுத்த மாசம் வாங்க சார்.” மேற்படியாரின் மனைவி இந்தக் குவளையிடம் பலமுறை தோற்றுத் திரும்பியவர். நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. கொடுத்துவிட்டுப் போகிறவருக்குச் சான்றிதழும் பேனாவும் உண்டு. கொடுக்க வந்து முடியாமல் போகிறவருக்கு இரும்புச்சத்து மாத்திரைச் சீட்டுகூடக் கிடையாது.

அடுத்தது படிவம். பல் பிடுங்கினீர்களா, பச்சை குத்தினீர்களா, நாய்க்கடி ஊசி போட்டீர்களா? கேட்க வேண்டியவைதான். அதற்கு மேல் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகளைத் தாண்டித்தான் பை நோயாளியிடம் போகிறது. அதில் மேற்படியாருக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஆனால் கடைசியாகக் கொடுத்த தேதியையும் அவரிடமே கேட்கிறீர்களே, அது தங்கள் ரிஜிஸ்டரில்தானே இருக்கிறது?

கட்டிலில் படுத்த பிறகு எல்லாம் சுகம். ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கி அமுக்கி விட வேண்டும். கீழே மெஷின் பையைத் தாலாட்டும். கையோடு ஒட்டிய குழாய் வழியே சொந்த ரத்தத்தின் இளஞ்சூடு தோலில் தெரியும். எழுந்ததும் டப்பா ஜூஸ், பிஸ்கட். வீட்டுக்குப் போனால் அம்மா கையால் சுவரொட்டி வறுவல். கைமேல் பலன் என்றால் இதுதான்.

விண்ணப்பத்தின் மையப் புள்ளி இனிமேல்தான். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள், ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த லாண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14 – இந்த நாட்களில் பந்தலும் பிளக்ஸும் தூள் பறக்கின்றன. படுத்திருப்பவரின் கையைப் பிடித்தபடி பிரமுகர் போட்டோ எடுத்துக்கொள்கிறார். பிரமுகர் மட்டும் படுப்பதில்லை.

ரத்தம் ஊறுகாய் இல்லை, அதிகாரி அவர்களே. சிவப்பணுப் பை, சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள் தாங்கும். பிளேட்லெட்டுக்கு 5 நாள்தான் ஆயுள், அதுவும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உறைய வைத்த பிளாஸ்மா மட்டும் ஓராண்டு பொறுக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குவிந்த பைகள், கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும் மே மாதத்துக்கு எப்படி வந்து சேரும்?

மே மாதம் பிறந்ததும் வாட்ஸ்அப் அலறுகிறது: “அவசரம்! ஓ பாசிட்டிவ் தேவை!” தேதி இல்லாத அந்தச் செய்தி, நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் சீரியல் பார்க்கும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

காசுக்கு ரத்தம் கொடுக்கும் முறையை ஒழிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல், தடை நடைமுறைக்கு வந்தது 1998இல். தன்னார்வக் கொடையே வழி என்று 2002 தேசிய ரத்தக் கொள்கையும் சொல்லிவிட்டது. ஆனால் “ஆள் கூட்டிட்டு வாங்க” என்ற வசனம் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஐசியூ வாசலில் ஒரு மகன் போனில் ஒவ்வொரு பெயராகத் தள்ளித் தள்ளித் தேடுகிறான். 90 நாள் முடிந்த மேற்படியாரோ இரண்டு தெரு தள்ளிக் குறட்டை விடுகிறார். தங்களிடமிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து,

1. இடைவெளி முடிந்த நாளில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பவும்.
2. முகாம்களை மாதவாரியாகப் பிரித்துப் போடவும். ஏப்ரல், மே மாதங்களை முதலில் நிரப்பவும்.
3. சான்றிதழுக்குப் பதிலாக ஹீமோகுளோபின் அளவைச் சீட்டில் எண்ணாக எழுதித் தரவும், குறிப்பாகத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கு.
4. பேனாக்கள் போதும்.

இப்படிக்கு,
மேற்படியாரின் நலம்விரும்பி.

நகல்: பிறந்தநாள் விழாக் குழுக்களுக்கு – தலைவர் மனம்வைத்தால் மே மாதத்தில் இன்னொரு முறை பிறக்கலாம் என்ற பணிவான வேண்டுகோளுடன்.