இல்லாதவர்களின் படம்

ஆகஸ்டு பிறந்தால் மெர்சிங்கில் கடைவாசல், அரசாங்க அலுவலகம், தியோமான் படகு என எங்கும் ஜாலூர் கெமிலாங் பறக்கும். கொடி பிடிக்க உரிமம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நாமும் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை 2018 ஆகஸ்டில் பினாங்கில் கழற்றப்பட்டது.

ஜார்ஜ்டவுன் திருவிழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி. நாட்டுக் கொடியோடு மலேசியர்கள். இரண்டு படங்களை மட்டும் எடுக்கச் சொன்னார் சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா. ஒருவர் திருநங்கையரின் உரிமைக்குப் போராடும் நிஷா அயூப். துணிச்சல்மிக்க பெண்களுக்கான அனைத்துலக விருதை 2016இல் அமெரிக்காவில் வாங்கியவர். மற்றவர் தன்பாலீர்ப்பாளருக்காகக் குரல் கொடுக்கும் பாங் கீ தெய்க். ஆபாசமா? இல்லை. கையில் இருந்தது கொடி. குற்றம் செய்தது கை.

'புதிய மலேசியா' என்று முழங்கியவர்கள் ஆட்சிக்கு வந்து அப்போது மூன்று மாதம். மக்கள் பணத்தைச் சுருட்டியவர்களும் இதே கொடிக்குக் கீழேதான் நின்று சிரித்தார்கள். அவர்கள் படத்தைச் சுவரிலிருந்து இறக்க ஒரு பொதுத்தேர்தல் தேவைப்பட்டது. இந்த இரண்டுக்கு ஓர் அமைச்சரின் வாய்ச்சொல் போதும்.

சில நாளில் அதே அமைச்சர் நிஷாவைச் சந்தித்தார். திருநங்கையரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்றார். நல்லது. அமைச்சரின் அறையில் உட்காரலாம். சுவரில் தொங்கத்தான் கூடாது.

2019 மார்ச்சில் பெர்லின் சுற்றுலாச் சந்தை. தன்பாலீர்ப்பாளர் மலேசியாவுக்கு அஞ்சாமல் வரலாமா என்று கேட்டார்கள். அப்படி எதுவும் எங்கள் நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை என்றார் சுற்றுலா அமைச்சர் முகமடின் கெத்தாப்பி. அப்படியானால் பினாங்கில் யாருடைய படத்தைக் கழற்றினீர்கள், ஐயா? தண்டனைச் சட்டத்தில் 20 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் யாருக்கு எழுதி வைத்திருக்கிறீர்கள்? பேய்களுக்கா?

நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். விருந்து மேடையில் ஓர் ஆண் சேலை கட்டி இடுப்பை ஆட்டினால் முன்வரிசைத் தலைவர்கள் கைதட்டுகிறார்கள். நிஜத் திருநங்கை வேலை கேட்டு வந்தால் அதே தலைவர்களுக்குப் பண்பாடு ஞாபகம் வந்துவிடுகிறது.

2023 மே மாதம், தன்பாலீர்ப்பாளரின் அடையாளம் என்று, வானவில் நிறத்தில் இருந்த 172 ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களை உள்துறை அமைச்சு பறிமுதல் செய்தது. தடை உத்தரவு வந்ததோ ஆகஸ்டில். குற்றம் முந்திப் பிறந்தது. சட்டம் பிந்திப் பிறந்தது. திருப்பிக் கொடு என்று 2024 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் சொன்னது.

கடிகாரத்துக்காக நீதிமன்றப் படியேற ஒரு சுவிஸ் நிறுவனம் இருந்தது. குடிமகளின் படத்துக்காகப் பதவி விலக அமைச்சரவையில் ஓர் ஆள் இல்லை.