சின்னக் கேட்டுச் சாவி

எலே பேராண்டி, மயிலாப்பூர்ல காம்பவுண்டுக்குள்ள வாடகை வீடு பாக்கியாமே. நல்ல காரியம். அங்கன எல்லாமே நடக்குற தூரந்தான். தெற்கு மாடவீதியில காய்கறி, குளத்தங்கரையில காத்து, எட்டி நடந்தா திருமயிலை ஸ்டேஷன், பங்குனியில அறுபத்துமூவர். தெரு பக்கத்துல இருக்குன்னு வாடகையில ஒரு படி ஏத்துவான். அந்தத் தெரு உள்ள வந்துரக் கூடாதுன்னு மதில் கட்டிருக்காம்லா, அதுக்கு இன்னொரு படி. ரெண்டையும் குடு. படிச்ச பிள்ளை, கணக்கு தெரிஞ்சிருக்கும்.

பத்து மாச அட்வான்ஸுன்னு புரோக்கர் ராகம் போடுவான். 2019-ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், வேற மாதிரி எழுதிக்கிடலேன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுங்கு. வேற மாதிரி எழுதத்தான் அவன் பேனாவோட வாரான். நீ சட்டம் பேசுனா, "வேற பார்ட்டி ரெடியா இருக்கு சார்"னுருவான்.

ஆயிரம் சதுர அடின்னா டேப்பு பிடிக்காத. லிஃப்ட்டு, படிக்கட்டு, வராந்தா எல்லாத்துலயும் உன் பங்கைச் சேத்துத்தான் ஆயிரம். நம்மூர்ச் சந்தையில மாட்டோட நிழலுக்கு எவனும் விலை சொன்னதில்ல. நீச்சல்குளத்துக்கும் சேத்துத்தான் பராமரிப்புக் காசு. தாமிரபரணியில முட்டளவு தண்ணிக்கே அலறுன பய நீ, அதுல எறங்கி என்னத்த செய்யப் போற?

போன தையில உன் பெரியப்பன் மவன் வீட்டுக்குப் போனேன், அதே பக்கந்தான். வாட்ச்மேன் தம்பி பேரு கேக்கான், நம்பர் கேக்கான், போட்டோ பிடிக்கான். பொண்ணு பாக்கப் போனப்போகூட என்னை இத்தனை கேக்கல. ஓடிபி வரணுமாம். உன் அண்ணன் மீட்டிங்குல இருக்கான். கருப்பட்டிப் பையோட அரைமணி நேரம் நின்னேன். அதுக்குள்ள சோத்துப் பொட்டலம் கொண்டுவந்த பயலுவ ஏழெட்டுப் பேரு உள்ள போயிட்டுத் திரும்பிட்டானுவ.

பின்பக்க மதில்ல ஒரு சின்னக் கேட்டு. தாண்டுனா முப்பது எட்டுல கீரைக்காரி. பாதுகாப்புக்காகப் பூட்டு. முன்வாசல் வழியா சுத்துனா கால் மைல். வெயில்ல யாரு சுத்துவான்னு உன் அண்ணன் கீரையைப் போன்லேயே வரவழைச்சான். சாயந்தரம் ஜிம்முல மிஷின் மேல ஏறி, நின்ன எடத்துலேயே நாலு மைல் நடந்தான். நல்லா வேர்த்துது, பாவம்.

மூணாம் நாள் வாட்ச்மேன் தம்பிகிட்ட ரெண்டு வட்டுக் கருப்பட்டியோட பேச்சுக் குடுத்தேன். அவன் அப்பனுக்கும் ரெண்டு எருமை இருக்காம், ஒண்ணு முட்டுமாம். மறுநாள் அஞ்சரைக்குச் சின்னக் கேட்டு தன்னால தொறந்துது.

அரைக்கீரையைப் பாத்துட்டு உன் மதினி கேக்கா: "இவ்வளவு பச்சுனு இருக்கே, எந்த ஆப்புல வாங்குனீங்க தாத்தா?"

"ஆப்பெல்லாம் உங்களுக்குத்தான் தாயி. எனக்குக் கருப்பட்டிதான்"னேன்.