கோட்டு சூட்டைக் கழற்றிவைத்தவன்

சென்ற இதழில் ‘கேங்ஸ்டர் நம்பர் ஒன்’ என்ற பிரிட்டிஷ் படத்தைப் பற்றி நான்கே வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி நன்றி. அதனால் இந்த வாரக் கேள்விகள் முழுக்க லண்டன் ரவுடிகள்.

கே: இவ்வளவு கொடூரமான படத்தை எதற்காக சார் பார்க்கச் சொன்னீர்கள்? பாதியில் அணைத்துவிட்டேன்.

ப: முதல் தடவை நானும் பாதியில்தான் நிறுத்தினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் பார்த்தேன். உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது என்றால் படம் சரியாக வேலை செய்திருக்கிறது. கைதட்டிக்கொண்டே பார்த்து முடித்தேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான்.

கே: படம் பார்க்காத என்னைப் போன்றவர்களுக்குக் கதை?

ப: 1968, லண்டன். ஃப்ரெடி மேஸ் என்ற பெரிய தாதாவிடம் ஓர் இளைஞன் அடியாளாகச் சேர்கிறான். ஃப்ரெடியின் சூட், டை பின், வீடு, அந்தஸ்து அத்தனையும் தனக்கு வேண்டும் என்று ஏங்குகிறான். அடைந்தும் விடுகிறான். 2000-ல் வந்த படம், இயக்கம் பால் மெக்குவிகன். இளைஞனாக பால் பெட்டனி, அவனே ஐம்பது தாண்டிய பிறகு மால்கம் மெக்டவல், ஃப்ரெடியாக டேவிட் தியூலிஸ். லூயி மெல்லிஸும் டேவிட் சின்ட்டோவும் எழுதிய மேடை நாடகம்தான் மூலம்.

அந்த இளைஞனின் பெயரைச் சொல்லவில்லையே என்று தேடாதீர்கள். படத்திலும் அவனுக்குப் பெயர் கிடையாது.

கே: அந்தக் கோடரிக் காட்சி அவசியமா? ரத்தத்தைக் காட்டிக் காசு பார்ப்பதுதானே இது?

ப: கடிதங்களில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

லென்னி டெய்லர் ஃப்ரெடியின் எதிரி. ஃப்ரெடியைத் தீர்த்துக்கட்ட அவன் ஆள் அனுப்பப்போவது நம் பெயரில்லாதவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாக்குதல் நடக்கும்போது காருக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். பிறகு லென்னியின் வீட்டுக்குப் போகிறான். அவனை எழுந்திருக்க முடியாதபடி செய்துவிட்டு, கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். அப்புறம் உடுப்பைக் கழற்ற ஆரம்பிக்கிறான். கோட்டு, டை, சட்டை, கால்சட்டை. ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்த குமாஸ்தா காட்டும் அதே அமைதி, அதே பொறுமை. நல்ல சூட், கறை பட்டுவிடக்கூடாது.

அதன் பிறகு கேமரா லென்னியின் கண்ணாக மாறிவிடுகிறது. நாம் கீழே கிடக்கிறோம், அவன் நமக்கு மேலே நிற்கிறான். நினைவு தப்புகிறது, திரும்புகிறது, மறுபடி தப்புகிறது. ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் அந்த முகம் இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கிறது. வெட்டு விழும் இடத்தைப் படம் பெரும்பாலும் காட்டுவதே இல்லை. நாம் பார்ப்பது வெட்டுகிறவனின் முகத்தை.

சண்டைப் படங்களில் நாம் வழக்கமாக அடிக்கிறவன் பக்கம் நிற்போம். நம் கையும் அவனோடு சேர்ந்து ஓங்கும். மெக்குவிகன் நம்மைத் தூக்கி அடிபடுகிறவன் உடம்புக்குள் போட்டுவிட்டார். அவசியமா என்று கேட்டீர்கள். அவசியம்தான். கொலை என்பது ஸ்டைல் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருவனை உலுக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கே: பெட்டனிக்கும் மெக்டவலுக்கும் ஜாடையே இல்லை. ஆள் மாறாட்டம் மாதிரி இருக்கிறது.

ப: நியாயமான குறை. தியூலிஸும், ஃப்ரெடியின் காதலி கேரனாக வரும் சாஃப்ரன் பரோஸும் ஒப்பனை போட்டுக்கொண்டு இரண்டு வயதுக்கும் அவர்களே வருகிறார்கள். இவனுக்கு மட்டும் ஆள் மாறுகிறது. பெட்டனி நெட்டை, மெக்டவல் அந்த உயரம் இல்லை. எனக்கும் முதல் பத்து நிமிஷம் ஒட்டவில்லை.

ஆனால் மெக்டவல் தன்னோடு இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு வருகிறார். 1971-ல் கியூப்ரிக்கின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தில் அடிதடியை இசைபோல் அனுபவித்த அலெக்ஸ் இதே நடிகர்தான். அந்தப் பையன் திருந்தாமலே கிழவனானால் எப்படி இருப்பான் என்பதற்கு விடையாக இந்த முகம் வந்து நிற்கிறது. ஜாடைப் பொருத்தத்தைவிட எனக்கு இது பெரிது.

கே: இப்படிப்பட்ட படங்களைத் தடை செய்தால் என்ன? இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள்.

ப: மேலே சொன்ன ‘கிளாக்வொர்க் ஆரஞ்ச்’சுக்கு நடந்ததைக் கேளுங்கள். படத்தைப் பார்த்துத்தான் பையன்கள் குற்றம் செய்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கியூப்ரிக்கின் குடும்பத்துக்கு மிரட்டல் வந்தது. அவர் விருப்பப்படியே பிரிட்டனில் படத்தைத் திரும்பப் பெற்றார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த நாட்டில் அது திரைக்கு வரவில்லை. 1999-ல் அவர் இறந்து, அடுத்த ஆண்டுதான் மறுபடி வந்தது. படம் இல்லாத அந்த ஆண்டுகளில் வன்முறை அடங்கியதா? கால்பந்து மைதானங்களில் மண்டை உடைந்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான்.

தடை வேண்டாம். ஆனால் 18 வயது என்று சான்றிதழில் போட்டிருந்தால் 18 வயதுதான். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

கே: ‘செக்ஸி பீஸ்ட்’ படத்தில் வாயைத் திறந்தாலே நெருப்பைக் கக்குகிற மொட்டைத் தலை ரவுடி, காந்தியாக நடித்தவரா? நம்ப முடியவில்லை.

ப: அவரேதான், பென் கிங்ஸ்லி. 1982-ல் காந்தியாக நடித்து ஆஸ்கர் வாங்கினார். 2000-ல் டான் லோகனாக நடித்து மறுபடி ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அந்தக் கதையை எழுதியவர்களும் மெல்லிஸ், சின்ட்டோ இரட்டையர்தான். ஓய்வு பெற்று ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் பழைய கூட்டாளியை மறுபடி கொள்ளைக்கு இழுக்க வருகிறான் லோகன். முடியாது என்ற பதில் அவன் காதில் ஏறுவதே இல்லை. விடாமல் பேசிப் பேசியே எதிராளியைக் கரைக்கிறான்.

இன்னொன்றும் சொல்கிறேன். ‘காந்தி’யை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ, இளம் வயதில் பிரிட்டிஷ் சினிமாவின் மிகக் குரூரமான ரவுடியாக நடித்தவர். 1947-ல் வந்த ‘பிரைட்டன் ராக்’. அவர் பெயர் அதில் பிங்கி.

கே: ‘பிரைட்டன் ராக்’ முடிவைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, நாவலில் வேறு மாதிரியாமே?

ப: வேறுதான். கிரஹாம் கிரீனின் நாவல் 1938-ல் வந்தது. பிங்கிக்கு வயது 17. தன்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே ரோஸ் என்ற அப்பாவிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். குரலை இசைத்தட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு கூண்டு. உங்கள் குரல் எனக்கு வேண்டும் என்று ஆசையாகக் கேட்கிறாள். கண்ணாடிக்கு வெளியே அவள் சிரித்துக்கொண்டு நிற்க, உள்ளே இவன் அவளை எவ்வளவு வெறுக்கிறான் என்பதைப் பேசிப் பதிகிறான். அவன் செத்த பிறகு, அந்தத் தட்டைக் கேட்கப்போகிறோம் என்ற ஒரே ஆறுதலோடு அவள் நடந்து போவதுதான் நாவலின் முடிவு.

படத்தில் அவள் தட்டைப் போடுகிறாள். அன்பு என்று சொல்ல ஆரம்பிக்கிற இடத்தில் முள் கீறலில் மாட்டிக்கொள்கிறது. அந்த வார்த்தையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அடுத்து வரும் விஷம் அவள் காதுக்கு எட்டவில்லை. நல்லதாக முடிக்க வேண்டும் என்று பயந்து செய்த மாற்றம் என்று பலர் சொல்கிறார்கள். இத்தனைக்கும் டெரன்ஸ் ரட்டிகனோடு சேர்ந்து திரைக்கதை எழுதியது கிரீனேதான். எனக்குப் படத்தின் முடிவுதான் அதிகம் வலிக்கிறது. நாவலில் அவளுக்கு உண்மை அன்றைக்கே தெரிந்துவிடும். படத்திலோ, அந்த முள் நகராத வரைக்கும் அவள் அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கே: மைக்கேல் கெய்ன் நடித்த ‘கெட் கார்ட்டர்’தான் இந்த வகையில் உச்சம் என்பேன். ஒத்துக்கொள்கிறீர்களா?

ப: முக்கால்வாசி. 1971, மைக் ஹாட்ஜஸின் முதல் சினிமா. அண்ணன் சாவுக்குப் பழிவாங்க லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலேறி வருகிறான் ஜாக் கார்ட்டர். அதுவரை பிரிட்டிஷ் படங்களில் ரவுடி என்றால் மடையன், இல்லாவிட்டால் கோமாளி. இரண்டுமே பொய் என்று காட்டத்தான் நடித்தேன் என்று கெய்ன் சொல்லியிருக்கிறார். ஏழைகள் வாழ்ந்த எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் வளர்ந்தவர், அப்படிப்பட்டவர்களை அருகில் பார்த்தவர்.

நிலக்கரிக் கழிவைத் தொட்டித் தொட்டியாகச் சுமந்துபோய்க் கடலில் கொட்டும் அந்தக் கறுத்த கடற்கரையை மறக்க முடியாது. ஒருவனை மாடியிலிருந்து தூக்கிப் போடும் கேட்ஸ்ஹெட் கார் நிறுத்தக் கட்டடத்தை 2010-ல் இடித்துவிட்டார்கள். மீதிக் கால்வாசி எதற்கு என்றால், படம் கார்ட்டரின் மிடுக்கை ரொம்ப நேரம் ரசிக்கிறது. பெண்கள் அடிபடும்போதும் ரசிக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது.

கே: நிஜ லண்டன் ரவுடிகளும் இப்படித்தான் நாகரிகமாக இருந்தார்களா?

ப: உடுப்பில் இருந்தார்கள். ரோனி, ரெஜி கிரே இரட்டைச் சகோதரர்கள் நடிகர்களோடும் பிரபுக்களோடும் கைகுலுக்கினார்கள். டேவிட் பெய்லி என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் அவர்களைப் படம் எடுத்தார். 1966-ல் ரோனி, பிளைண்ட் பெக்கர் என்ற மதுக்கடைக்குள் நுழைந்து ஜார்ஜ் கார்னெல் என்பவரை எல்லார் முன்னாலும் நெற்றியில் சுட்டான். அடுத்த ஆண்டு ரெஜி, ஜாக் மெக்விட்டி என்பவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். 1968-ல் கைது, 1969-ல் ஆயுள் தண்டனை. பெய்லி எடுத்த படம்தான் இன்று சுவரொட்டியாகத் தொங்குகிறது. கார்னெலின் முகம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 2015-ல் ‘லெஜெண்ட்’ படத்தில் டாம் ஹார்டி இரட்டை வேடத்தில் வெளுத்து வாங்கினார். நடிப்பைப் பாராட்டுகிறேன், படத்தின் பெயரைப் பாராட்ட மாட்டேன்.

கே: இந்தப் படங்களில் பெண்களுக்கு வேலையே இல்லையே?

ப: உண்மை. விதிவிலக்கு ‘தி லாங் குட் ஃப்ரைடே’. தன் பாத்திரம் வெறும் அலங்காரமாக இருக்கக் கூடாது என்று ஹெலன் மிரன் வாதாடி மாற்ற வைத்தார். பலன் திரையில் தெரிகிறது. தாதாவாக வரும் பாப் ஹாஸ்கின்ஸ் பதறும் இடத்திலெல்லாம் கூட்டத்தைச் சமாளிப்பது அவர்தான். அதன் கடைசிக் காட்சியையும் பார்த்துவிடுங்கள்: கார் ஓடுகிறது, முன் சீட்டில் துப்பாக்கியோடு இளம் பியர்ஸ் பிராஸ்னன், பின் சீட்டில் ஹாஸ்கின்ஸ். வசனம் கிடையாது. அவர் முகத்தில் கோபம், திகைப்பு, பயம், பிறகு ஒருவிதச் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து போகிறது.

கே: ‘கேங்ஸ்டர் நம்பர் ஒன்’ கடைசியில் ஃப்ரெடி ஏன் அவனைச் சுடவில்லை? எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ப: படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

லென்னியைக் கொன்றது இவன், முப்பது வருஷம் உள்ளே இருந்தது ஃப்ரெடி. வெளியே வந்த ஃப்ரெடியிடம் இவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், துப்பாக்கியைக் கையில் திணிக்கிறான், சுடு என்று கெஞ்சுகிறான். ஃப்ரெடி சுட்டிருந்தால் இவன் ஜெயித்திருப்பான். இத்தனை வருஷமும் தன்னையே நினைத்துக் குமுறிய எதிரி ஒருவன் இருந்தான் என்ற பெருமையோடு செத்திருப்பான். ஃப்ரெடிக்கு அந்த நினைப்பே இல்லை. கல்யாண வேலை இருக்கிறது, கேரன் காத்திருக்கிறாள். சுடாமல் கிளம்பிப் போய்விடுகிறான்.