ஏற்றத்தில் இறங்குதல்: கூட்டுச் சைக்கிளியலுக்கு ஒரு பாயிரம்

பள்ளிக்கூடத்துக்குக் கூட்டமாகச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்குத் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதை இலக்கண நெறி நின்று ஆராய்ந்தார் இதுவரை இலர். அக்குறை போக்க எழுந்தது இந்நூல். எழுந்த இடம் கட்டுகஸ்தோட்டை, மகாவலிப் பாலத்துக்குக் கிட்ட, இளநீர்க்கடைப் பலகை.

ஏன் இந்தக் களம் என்று கேட்பர். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, வவுனியா என்று போய், 300 கிலோமீற்றருக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அந்த முனையில் வெள்ளைச் சீருடைப் பெண்பிள்ளைகள் மூவர் மூவராக வீதியை அடைத்து, கதைத்துக்கொண்டே உழக்குவார்கள். இந்த முனையில் மலை. பள்ளிக்கூட வேன், ஓட்டோ, பஸ். அவற்றுக்கிடையே புகுந்து வரும் நாலைந்து சைக்கிள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது பெரியவர்களும் சைக்கிள் தேடினார்கள். வரிசை ஒழிந்ததும் ஆய்வுப்பொருள் வேனில் ஏறிவிட்டது. இருந்தாலென்ன, பொருள் அரிதான இடத்தில்தான் ஆய்வாளன் பேர் நிலைக்கும். மறுக்க ஆள் இராது.

இனி வகை. தனியே போகிறவர் கூட்டமல்லர்; விடப்பட்டார். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போகிறவர் பயணி. கரியரில் டபிள் போகிறவர் ஓட்டியா, சுமையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (காண்க: வகுப்பு மேசையில் கவராய நுனியால் கீறிய கல்வெட்டு, இரண்டாம் வரி).

நூலின் உயிர்நிலை முதற்காற் கோட்பாடு. ஏற்றம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். முதலில் இறங்குவது யார்? பெரியவன் எழுந்து நின்று உழக்குகிறான். ஹேண்டில் ஒரு பக்கம் ஆட, முதுகுப் பை மறுபக்கம் ஆடுகிறது. கடைசியில் வரும் சின்னவளின் முன்சில்லு நெளிகிறது. தண்ணீர்ப் போத்தல் முழங்காலில் இடிக்கிறது. ஒருவரும் இறங்குவதாயில்லை. அப்போது நடுவில் ஒருவன், ‘டேய், செயின் கழண்டுட்டுது’ என்கிறான். அடுத்த கணம் அத்தனை பேரும் நிலத்தில். செயின் கழலவில்லை, ஆய்வாளன் குனிந்து பார்த்தான். இதற்குச் சூத்திரம்:

ஒருகால் நிலந்தொடின் பலகால் தொடுமே
தொட்டபின் நாணம் எவர்க்கும் இன்றே.

‘எவர்க்கும்’ என்ற உம்மையால் அண்ணன்மாரும் அடங்குவர் என்பது பழைய உரை. மூத்த அண்ணனை அவ்வும்மை தழுவாது என மறுக்கும் புத்துரை, கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி, அழித்து, மேலே சோற்றுப் பார்சல் எண்ணெய் ஊறிய நிலையில் கிடைத்தது. வெயிலுக்கு நேரே பிடித்தால் ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் எட்டாம் வாய்ப்பாட்டுக்கும் நடுவே வாசிக்கலாம். எண்ணெய் மூலபாடமா, இடைச்செருகலா என்பது தனி ஆய்வு. இப்படிப்பட்ட உம்மைகளை நம்பிப் பட்டம் பெற்றவர்கள் நாட்டில் உண்டு.

பெரிய அறிஞர்களும் இத்துறையைத் தொட்டிருக்கிறார்கள். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு, பெண்பிள்ளைகளின் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாக 2017இல் வெளியிட்டார்கள். கூட்டமாகப் போனது பாதுகாப்புக்கு உதவியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். ‘தனியாப் போகாத புள்ள, எல்லாரும் சேர்ந்து போங்க’ என்று எங்கள் பாட்டிமார் வாசலில் நின்று சொன்னதும் இதுதான். அவர்களிடம் ஜார்க்கண்ட் இல்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டுரைகள் பின்னால் வந்தன.

முறைமை தவறக்கூடாதென்று, ஒன்று முதல் ஐந்து வரை உன் துணிவு எவ்வளவு என்று சின்னவளிடம் வினாத்தாள் நீட்டினேன். ‘செயின் கழண்டா ரெண்டு, அங்கிள். இல்லாட்டி அஞ்சு’ என்றாள். ‘பொய்யாகக் கழன்றால்?’ என்றதற்கு, ஏழரைக்கு மணியடித்துவிடுவார்கள் என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போனாள்.

இறக்கம் பற்றிய இயல் இந்நூலில் இல்லை. மேட்டில் மறுபடி ஏறியவர்கள் கால்களை விரித்து, பெல்லை அடித்தபடி போய்விட்டார்கள். ஆய்வாளனிடம் சைக்கிள் கிடையாது.