ஆர்க்கி

அவரை அடையாளம் காண்பது எளிது. விடியற்காலை நாம் பால் வாங்கக் கிளம்பும்போது அவர் தூங்கப் போவார். இல்லாவிட்டால் பிரிண்ட் கடை ஷட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். கருப்புச் சட்டை. அரசியல் எதுவும் இல்லை, அழுக்கு தெரியாது என்பதற்காகப் போடுவது. முதுகில் பீரங்கி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் சுருட்டிய ஷீட்டுகள். விரல் நுனியில் ஃபெவிக்விக் காய்ந்து தோல் உரிந்திருக்கும். பி.ஆர்க்., அதாவது கட்டடக் கலை படிக்கிறார். கல்லூரியில் இந்த இனத்துக்கு ஆர்க்கி என்று பெயர்.

“இன்ஜினீயரிங்கே நாலு வருஷந்தான், இதென்ன அஞ்சு?” என்று கேட்காத சித்தப்பா கிடையாது. முதல் வருடத்தில் ஆர்க்கி பொறுமையாக விளக்குவார். இதற்கு நாட்டா என்று தனி நுழைவுத் தேர்வு, 1972-ஆம் வருடமே தனிச் சட்டம், படித்து முடித்துக் கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும் என்பார். மூன்றாம் வருடம் வந்ததும், “ஆமா சித்தப்பா, சிவில் மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குச் சாதம் கேட்பார். ஒருமுறை “நாசாவுக்குப் போறேன்” என்று அவர் பெட்டி கட்ட, பாட்டி தெரு முழுக்க அமெரிக்கா என்று சொல்லிவிட்டாள். கட்டடக் கலை மாணவர்களின் தேசியச் சங்கத்துக்கு அந்தப் பெயர். ராக்கெட் விடுவதில்லை.

அடியும் அங்குலமும் அவருக்கு மறந்துபோயிருக்கும். எல்லாம் மில்லிமீட்டர்தான். கல்யாண மண்டபத்து மாடிப்படியில் பாதி வழியில் நின்று, “படி உயரம் 150 வச்சாப் போதும், 190 வச்சிருக்கான் பாருங்க” என்று வருத்தப்படுவார். பின்னால் சீர்த்தட்டோடு அத்தைமார் வரிசையாக நிற்பது அவர் கண்ணில் படாது. மெரினாவுக்குக் கூட்டிப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செனட் ஹவுஸைப் பார்ப்பார். சிஷோம் 1874-இல் தொடங்கி 1879-இல் முடித்த கட்டடம், கும்மட்டத்தைப் பாருங்கள், வளைவைப் பாருங்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சுண்டல் தீர்ந்திருக்கும்.

சப்மிஷனுக்கு முந்தைய இரவு வீட்டில் சாமான்கள் காணாமல் போகும். துடைப்பக் குச்சி ஜன்னல் கம்பியாகிவிடும். பாத்திரம் தேய்க்க அம்மா புதிதாக வாங்கிய பச்சை நாரைப் பிய்த்தால் பூங்கா. காய்ந்த துளசிக் கிளை ஆலமரம். காலையில் சன்போர்டு மாடலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் ஏறுவார்.

“என்னப்பா இது, கோயிலா?” என்பார் கண்டக்டர்.

“இல்லண்ணே, கம்யூனிட்டி சென்டர்.”

“சரி சரி, கோயிலை ஜன்னல் ஓரமா வை. லக்கேஜ் ஒண்ணு.”

கிண்டி வருவதற்குள் ஒரு மாடி குறைந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஜூரி. ஒரு வாரமாகக் குளிக்காமல் சாப்பிடாமல் வரைந்ததை வெளியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். ஆர்க்கி தொடங்குவார்: நடுவில் முற்றம், உள்ளும் வெளியும் உரையாடுகின்றன, வெளிச்சம் ஒரு பாத்திரமாக நடிக்கிறது. பெரியவர் கேட்பது ஒன்றே ஒன்று. “நார்த் எங்கப்பா?” வடக்குக் குறி போட மறந்திருப்பார். அடுத்த கேள்வி, ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கத்துக்குக் கழிப்பறை எங்கே என்பது. அதையும் மறந்திருப்பார். வெளிச்சம் மட்டும் நடித்துக்கொண்டிருக்கும்.

லூயி கான் செங்கல்லிடம் “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டதாகவும், அது வளைவு வேண்டும் என்றதாகவும் ஒரு கதை உண்டு. அவர் வடிவமைத்த அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் செங்கல் கேட்டபடியே வளைவுகள் நிற்கின்றன. இந்தக் கதையை ஆர்க்கி கட்டட வேலை நடக்கும் இடத்திலும் சொல்வார். மேஸ்திரி வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு, “செங்கல் எங்க தம்பி பேசுது? பேசுனா அது வெலையத்தான் பேசும்” என்பார். என் கணக்கில் இரண்டு பேருமே சரி.

செட்டிநாட்டுக்கு டூர் போய்த் திண்ணையை, தூணை, முற்றத்தை டேப் வைத்து அளந்து வருவார்கள். “வீட்ட வாங்கப் போறீகளா?” என்று ஆச்சி கேட்பார். திரும்பி வந்ததும் ஆர்க்கிக்குத் திண்ணைப் பைத்தியம் பிடித்துவிடும். சொந்த ஊரில் தாத்தா தம் வீட்டுத் திண்ணையைத்தான் இடித்து ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

இந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வருவார். ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கிறார், 2400 சதுர அடி. “சும்மா ஒரு பிளான் போட்டுக் குடுடா.” ஆர்க்கி பரவசமாகி, லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய மாதிரி எலிப்பொறிக் கட்டு போடலாம் என்பார்: செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே காற்றுக்கு இடைவெளி விடுவது, செங்கல்லும் மிச்சம், வெயிலும் அவ்வளவாக இறங்காது. “புது வீட்டுக்குள்ள எலிப்பொறியா?” என்று பெரியம்மா எழுந்து போய்விடுவார். பெரியப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜூரி கேட்டதையே கேட்பார். “வடக்கு எங்கடா?” அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் படுக்கை, ஈசானியத்தில் சாமி. எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தை ஆர்க்கி முற்றம் என்று எழுதுவார். வீடு கட்டி முடித்ததும் அதில் கார் நிற்கும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தரையில் கிடக்கும் வெள்ளை அட்டைத் துண்டைக் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். அது மூன்றாவது மாடியாக இருக்கலாம். பிளான் கேட்பதானால் தாராளமாகக் கேளுங்கள். கையில் பணத்தையும் கொடுங்கள், வாஸ்துக்காரருக்குக் கொடுப்பதில் பாதியாவது.