பொரித்த அடகு

கற்பிட்டியில் காற்றுக்காலம் தொடங்கினால் வெள்ளைக்காரர்களோடு ஆங்கிலமும் வந்து இறங்கிவிடும். மே முதல் ஒக்டோபர் வரை பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்பில் சறுக்க வருவார்கள். சறுக்கினால் பசிக்கும். ஆகவே வீட்டுக்கு வீடு மெனு அட்டை. அதைத் திருத்திக் கொடுக்கும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது. சம்பளம் ஒரு பிளேன்டீ. 1344இல் புத்தளக் கரைக்கு வந்த பயணி இபின் பதூதாவோடு யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி பாரசீகத்திலேயே பேசி முடித்துவிட்டார். கொடுத்துவைத்தவர், மெனு எழுத வேண்டியிருக்கவில்லை.

நான் திருத்தியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது பக்கத்துத் தெரு நானாவின் அட்டை. இறாலைக் குறிக்கும் 'ப்ரோன்' என்ற சொல்லில் 'ஆர்' விழுந்து, அடகு என்று பொருள்படும் 'போன்' மட்டும் மிஞ்சியிருந்தது. பொரித்த அடகு, சோற்றுடன். விலையும் போட்டிருந்தார்.

"நானா, இதில ஒரு எழுத்து குறையுது. இது நகை வைக்கிற இடத்துச் சொல்லு."

"ரெண்டும் ஒண்டுதானே தம்பி. இறால் வளத்தவனெல்லாம் கடைசில அங்கதானே போன."

பதில் சொல்ல முடியவில்லை. 1996இல் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் வாரிக்கொண்டு போனதை நானாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலில்தான் பல பண்ணைகள் தண்ணீர் எடுத்தன. அழுக்குத் தண்ணீரை விட்டதும் அதே வாய்க்காலில்தான். ஒருவர் கழித்ததை அடுத்தவர் காசு கொடுத்து இயந்திரம் வைத்து உள்ளே இழுத்தார். எழுத்துப் பிழை அல்ல, வரலாறு என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

'ஆர்' ஏறியது. உடனே அடுத்த சிக்கல்: ப்ரோனா, ஷ்ரிம்பா? இங்கிலாந்துக்காரர் முதலாவதைக் கேட்பார், அமெரிக்கர் இரண்டாவதை. விலங்கியலாளர் செவுளைப் பார்த்துப் பிரிக்கிறார். அவர் கணக்கில் நமது டைகர் இறால் ப்ரோன். ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்போ கடலில் வளர்வது ஷ்ரிம்ப், நன்னீரில் வளர்வது ப்ரோன் என்கிறது. அந்தக் கணக்கில் அதே இறால் ஷ்ரிம்ப். நம் பண்ணைத் தண்ணீர் கடலுமில்லை, நன்னீருமில்லை. இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நானா எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். அடகும் போன், எலும்பும் போன், காதில் வைத்துப் பேசுவதும் போன். 'மசில்' என்றால் கரையில் பொறுக்கும் மட்டியா, படகு இழுத்துப் புடைத்த தசையா? 'கைட்' இன்னும் மோசம். ஆங்கிலத்திலேயே பட்டத்துக்கும் பருந்துக்கும் ஒரே எழுத்து. நானாவின் உம்மா ஒரு நாள் முழுக்கப் பருந்தில் தொங்குகிறவனைத் தேடிக் கரையில் நின்றார். நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? கச்சான் அடித்தால் மேல்காற்று, கச்சான் தின்றால் நிலக்கடலை. இதற்கு எந்த வெள்ளைக்காரனும் குழம்பியதாகத் தெரியவில்லை. அவன் தமிழ் மெனு எழுதினால்தானே.

கடைசியில் நானா சொற்களையெல்லாம் அழித்துவிட்டு இறாலின் படத்தை வரைந்தார். மீசை கொஞ்சம் நீண்டுவிட்டது. அடுத்த நாள் வந்த பிரெஞ்சுப் பெண் அதை உற்றுப் பார்த்துவிட்டு, பூச்சி வகைகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது, முட்டை இருக்கிறதா என்று கேட்டார்.