மச்சான் பணம், மாப்ளே கல்லா

வா மாப்ளே, உக்காரு. நன்னிலத்துல உரக்கடை வச்சவன்லயே நீதான் கெட்டிக்காரன்னு ஊரே பேசுது. சம்பா அறுத்ததும் தர்றேன்னவனுக்கெல்லாம் யூரியாவையும் பொட்டாசையும் கடனுக்கு அள்ளிக் குடுத்துட்டே. உரக் கம்பெனிக்கு நீ பாக்கி, பேங்குக்கு நீ பாக்கி. நடுவுல மச்சான் சிங்கப்பூர்லேருந்து மவ கல்யாணத்துக்குன்னு அனுப்புற பணமும் ஒன் கடைக் கணக்குலயே வந்து வுழுது. கணக்குல பணம் நெறைஞ்சு கெடக்குன்னு மீசைய வேற முறுக்குறே. முறுக்கு, முறுக்கு.

தை மாசத்துல மழை அடிச்சு கதிரு சாஞ்சா ஒன் பாக்கிக்காரன் பூரா கைய விரிச்சுடுவான். நீயும் திவாலுன்னு கோர்ட்டுல மஞ்சக் கடுதாசி குடுத்துடுவே. ரிசீவர் வந்து, "இதுல ஒன் பணம் எது, அந்தப் பொண்ணு பணம் எது?"ம்பார். அவருக்கிட்ட மீசையக் காட்டு.

சட்டம் என்னமோ அந்தப் பொண்ணு பக்கந்தான். அடுத்தவங்களுக்காகப் பொறுப்புல வச்சிருக்குற சொத்துல, வச்சிருந்தவன் திவாலானாலும் அவனுக்குக் கடன் குடுத்தவங்களுக்குப் பங்கு கெடையாது. பட்டணத்துக்குன்னு 1909-ல போட்ட திவால் சட்டத்துல 52-வது பிரிவைப் பாரு. கம்பெனி திவாலுக்கு வந்த 2016 சட்டம் 36-வது பிரிவுல இதையே சொல்லிட்டு, வேலையாளுங்க பி.எஃப். பணத்தையும் தொடக்கூடாதுன்னுட்டான். நம்ம பக்கத்துக்கு 1920 திவால் சட்டம். அங்கயும் நியாயம் இதான்.

ஆனா மச்சான் என்ன சொல்லிக் குடுத்தார்? "மவ கல்யாணத்துக்கு வையி"ன்னா அது அவ பணம். "கடையில போட்டுப் பொழங்கிக்க, அப்புறம் குடு"ன்னா அது ஒனக்குக் குடுத்த கடன், அவ்வளவுதான். கடன்னா என்ன ஆகும்னு கேளு: 1906 அக்டோபர் 22 அன்னிக்கு மெட்ராஸ்ல அர்பத்நாட் கம்பெனிங்குற பேங்குக்காரன் கதவச் சாத்துனான். துரை கம்பெனியாச்சேன்னு பென்ஷன் பணம், பொண்டுக பணமெல்லாம் அதுலதான் கெடந்துச்சு. என்ன நம்பிப் போட்டாலும் பேங்குல போட்டது பேங்குக்குக் குடுத்த கடன்தானே! எல்லாரும் வரிசையில நின்னாங்க. ஜார்ஜ் அர்பத்நாட் துரைக்கு 18 மாசம் ஜெயில். டெபாசிட்காரங்களுக்காக வாதாடுன நம்ம திருவிடைமருதூர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னால நின்னு, 1907 ஆகஸ்ட் 15-ல இந்தியன் பேங்கைத் தொறக்க வச்சார். தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு ரோசம் வந்தா பேங்கே தொறப்பான். நீ ஒரு தனிக் கணக்கு தொறக்க யோசிக்கிறே.

குறுவை நெல்லையும் சம்பா நெல்லையும் ஒரே களத்துல கொட்டிப்புட்டு, எது யாருதுன்னா எவன் சொல்லுவான்? 1882 டிரஸ்ட் சட்டத்துல 66-வது பிரிவு கொஞ்சம் எரக்கம் காட்டுது. பொறுப்புல இருக்குறவன் தன் பணத்தோட கலந்துட்டா, மொத்தத்து மேலயும் அந்தப் பொண்ணுக்குப் பாத்தியதை உண்டுன்னுது. ஆனா அந்த மொத்தமே லாரி வாடகையாவும் பேங்கு வட்டியாவும் போயிருந்தா பாத்தியதைய எதும்மேல வைப்பே, ஒன் மோட்டார் சைக்கிள் மேலயா? அப்பறம் மச்சானும் உரக் கம்பெனிக்காரன் பின்னாடி வரிசையில நிக்க வேண்டியதுதான். ஒன் அக்கா முன்னாடி நீ நிக்கிறது தனி வரிசை.

இன்னொரு புத்தியும் ஒனக்கு வரும், எனக்குத் தெரியும். கடைசி நேரத்துல மனைக்கட்டைப் பொண்டாட்டி பேருக்கு மாத்திட்டு, "அது அவளுக்காக வச்ச டிரஸ்ட்"டும்பே. செய்யி. சும்மா எழுதிக் குடுத்த ரெண்டு வருசத்துக்குள்ள மஞ்சக் கடுதாசி வந்துச்சுன்னா, 1920 சட்டம் 53-வது பிரிவுல ரிசீவர் கோர்ட்டுக்குப் போயி அதை ரத்து பண்ணிப்புடுவார். பொறுப்புக்குக் குடுத்த பணத்த நீ தின்னது நிரூபணமானா, புது தண்டனைச் சட்டம் 316-வது பிரிவும் வந்து கதவத் தட்டும்.

மாப்ளே, திங்கக்கெழமை பேங்கு தொறந்ததும் போ. கல்யாணப் பணத்துக்கு அந்தப் பொண்ணு பேருலயே ஒரு கணக்கு தொறந்து, இதுவரைக்கும் வந்ததையெல்லாம் அதுக்கு மாத்து. "இது மவ கல்யாணத்துக்கு, கடைக்கு இல்ல"ன்னு மச்சான்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கு. மீசைய அப்பறமா முறுக்கலாம்.